மயானத்தின் மேல்மேடு

மயானத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது உத்தியோகத்தின் பொருட்டு. எங்கள் வீட்டுப் பழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பெரியகுளத்தில் என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் அம்மாவும் அந்த முனையில் நின்று, பாடை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, வீடு கழுவத் திரும்பினோம். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று தம்பியிடம் நான் கேட்டதில்லை. அவனாகச் சொன்னதும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சிக்குச் செயல் அலுவலராக மாற்றலாகி வந்தேன். சேர்ந்த அன்று குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்த தலைமை எழுத்தர், கடைசியில் ஞாபகம் வந்தவரைப் போல, மயானமும் நம்முடைய பொறுப்புதான் என்றார். மறுவாரமே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஊருக்கு மேற்கே, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால், மலையை நோக்கி மெல்ல ஏறிப்போகும் நிலம் அது. வாசலருகே தகரக் கொட்டகை போட்ட எரிமேடை. அதை அடுத்து, புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கான இடம். வடக்கு ஓரத்தில் ஒரு வேம்பு. அந்த வேம்பைச் சுற்றிக் குழந்தைகளைப் புதைத்திருந்தார்கள். பெரியவர்களை எரிக்கிற வீட்டிலும் குழந்தையை எரிப்பதில்லை. தெற்கே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கத்தோலிக்க ஊரின் கல்லறைத் தோட்டம். வெள்ளையடித்த சிலுவைகளின் தலை மட்டும் தெரியும். மேற்கே நிலம் மேடாகி, சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துக் கிடந்தது. அதுவும் மயானப் புறம்போக்குதான் என்றார்கள்.

இந்த இடத்துக்கென்று விதிகள் உண்டு. எரித்தாலும் புதைத்தாலும் பேரூராட்சியில் பதிய வேண்டும். செங்கல் சிமெண்டு வைத்துச் சமாதி கட்டக் கூடாது. ஒரு குழியை மூடினால் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆகாமல் அதே இடத்தை மறுபடி தோண்டக் கூடாது. புதைத்த உடலை உத்தரவு இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாது. நான் இவற்றை ஒரு நாள் மதியம் உட்கார்ந்து படித்தேன். தண்ணீர்க் கட்டண விதிகளைப் படிப்பது போலத்தான் படித்தேன்.

பிரச்சினை இடம் போதாமையில் தொடங்கியது. ஒருவர் தன் தகப்பனாருக்குக் குழி வெட்டியபோது வேறு யாருடைய எலும்போ வெளியே வந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு அவர் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வந்தவர் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. இன்னொருவரைத் தள்ளிவிட்டு அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறோம் மேடம், வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

பேரூராட்சித் தலைவர் வாழைக்காய் வியாபாரம் செய்கிறவர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். அடுத்த கூட்டத்திலேயே விஷயத்தை எடுத்தார். மேற்கே இருக்கும் கருவேலங்காட்டை அழித்து, மேட்டைச் சமப்படுத்திப் புதைக்கும் இடமாக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. பக்கத்து ஊரான கோம்பையிலிருந்து ஜேசிபி வருவதாக ஏற்பாடு.

இந்தச் செய்தி பரவிய இரண்டொரு நாளில் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். முப்பது வயது இருக்காது. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். கை முழுக்கக் கொடியின் சாறு பட்டுக் கறுத்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் போன பிறகுதான் உள்ளே வந்தாள்.

"மேடம், மிசினு வேம்புப் பக்கம் வருமா?"

வராது, அதற்கு மேற்கேதான் வேலை என்றேன்.

"எம்புள்ள அங்கன இருக்கு," என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. காய்ச்சலில் போனது. புதைக்கிற அன்று அவளை வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் ஒரு நாள் புருஷனை நச்சரித்து, வேம்பின் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போகிற காலை வேளைகளில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, பாலத்தைத் தாண்டிப் போய்ச் சற்று நின்றுவிட்டு வருவாளாம். ஊரில் தெரிந்தால் ஏசுவார்கள் என்று என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு போய், வேம்பைச் சுற்றி நாலு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டச் சொன்னேன். இரண்டு பெண்கள் மயானத்துக்குள் நின்று வேலை வாங்குவதைத் துப்புரவுப் பணியாளர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கயிறு கட்டி முடிந்ததும் அவள் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மிசின் வருகிற அன்றைக்குத் தானும் வந்து நிற்கப் போவதாகச் சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். ஆடி முடிந்தும் காற்று அடங்காத நாள் அது. கணவாயிலிருந்து இறங்கும் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஜேசிபி ஓட்டுபவர் கோம்பைக்காரர், நல்ல வேலைக்காரர். மதியத்துக்குள் பாதிக் கருவேலத்தைச் சாய்த்துவிட்டார். தலைவரும் நானும் வாசலருகே நிழலில் நின்று, சுற்றுச்சுவர் எங்கே எழுப்புவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் கயிற்றுக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

திடீரென்று எஞ்சின் நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டுநர் இறங்கி, வாளி தோண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

பெரிய கருவேல மரமொன்று வேரோடு சாய்ந்திருந்தது. வேர் பெயர்ந்த பள்ளத்தில், செம்மண்ணுக்குள், தடித்த சுட்டமண் விளிம்பு ஒன்று வட்டமாகத் தெரிந்தது. ஒரு ஆள் கையை விரித்துக் கட்டிப்பிடிக்கலாம், அவ்வளவு பெரிய வாய். வேர் ஒன்று அதன் ஒரு பக்கத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. உடைந்த வழியாக உள்ளே பார்த்தால் மண். மண்ணுக்குள் வெளுப்பாக ஒன்று. அது தொடை எலும்பு என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார். "மேடம், இங்கன யாரோ இருக்காக."

அந்த 'இருக்காக' என்ற சொல்லை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதைச் சொல்வது போலச் சொன்னார்.

இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழி என்று தலைவருக்கும் தெரியும். இந்த மலையடிவாரத்தில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் இப்படித் தட்டுப்பட்டதாகக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவர் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "தொல்லியல்காரக வந்தா வேல நிக்கும் மேடம். எத்தன மாசம்னு தெரியாது. நாளைக்கே ஒரு சாவு விழுந்தா எங்கன கொண்டு போறது? மண்ணத் தள்ளி மூடிட்டு, அந்தப் பக்கம் வேலயப் பாப்பம்."

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் அப்பாவுக்குக் குழி வெட்டியவரின் முகம் என் மனதில் இருந்தது. துறைக்குச் சொல்லாமல் மூடுவது சட்டப்படி தவறு என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் பள்ளத்தின் விளிம்புக்கு வந்திருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, பெரிய தாழிக்கு இடப்பக்கம் விரலால் மண்ணைத் தள்ளினாள். அங்கே இன்னொரு விளிம்பு இருந்தது. ஒரு குடத்தின் வாயளவுதான் இருக்கும்.

"பக்கத்துல சின்னது ஒண்ணு இருக்கு, பாத்தீகளா?" என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். "யாரோ பெத்தது," என்றாள்.

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மிசினைப் பின்னால் எடுக்கும்படி ஓட்டுநரிடம் சொன்னார். நான் வட்டாட்சியருக்குப் போன் செய்தேன்.

தொல்லியல் துறையிலிருந்து ஆள் வரச் சில நாட்கள் ஆயின. அதற்குள் புதையல் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. தலைவர் தன் வாழைக்காய் லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்து பள்ளத்தை மூடி, இரவு பகலாக ஆள் நிறுத்தினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வந்தபடி இருந்தார்கள். மண்வெட்டியோடு வருவார்கள் என்று பயந்திருந்தேன். வந்தவர்களில் பலர் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்.

தலைவர் பயந்தது போலவே அந்த நாட்களிலேயே ஒரு சாவு விழுந்தது. வயதான விவசாயி. அவருடைய குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். கீழே இடமில்லை, மேட்டைத் தொடக் கூடாது. நான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த மூலையைக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துக் கத்தோலிக்க ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். விஷயம் தெரிந்து ஃபாதரோடும் ஊர்ப் பெரியவர்களோடும் பேசிவிட்டு வந்திருந்தார். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் மதிலை ஒட்டி ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடக்கிறதாம். எங்கள் பிரச்சினை தீரும்வரை அதில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அனுமதிக் கடிதத்தையும் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

இறந்தவரின் மகன்களைக் கூப்பிட்டுச் சொன்னோம். மூத்தவர் யோசித்தார். அவருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. தங்கள் வழக்கப்படி தலையைத் தெற்கே வைக்கலாமா என்று கேட்டார். "ஒங்க அப்பாவ ஒங்க மொறப்படி வைங்க தம்பி. எடந்தான் எங்களது," என்றார் ஆசிரியர்.

அன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். சங்கும் சேகண்டியும் முன்னே வர, பாடை கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்குள் நுழைந்தது. சிலுவைகளுக்கு நடுவே ஆண்கள் ஒற்றை வரிசையாக நடந்தார்கள். குழியில் இறக்குகிற நேரம், அந்த ஊர்த் தேவாலயத்தில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. தங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அடிக்கிற மணி அது. யாரும் அடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் மணியைக் கேட்டு ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மணியின் இடைவெளிகளில் ஊதினார். மணி ஒன்று, சங்கு ஒன்று என்று மாறி மாறிக் கேட்டது. மலையில் பட்டு இரண்டும் திரும்பி வந்தன. கையில் மண்ணை வைத்துக்கொண்டு நின்ற மகன்கள் அதைப் போடாமல் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

தொல்லியல் அலுவலர் ஐம்பது வயதுக்காரர், தணிந்த குரலில் பேசுபவர். வந்தவுடன் மேட்டை ஒரு சுற்று நடந்து பார்த்தார். கருவேலம் அழிந்த இடத்தில், பாதி புதைந்த பாறாங்கற்கள் வட்டமாக நிற்பதைக் காட்டினார். நான் பலமுறை பார்த்து வெறும் கல் என்று நினைத்திருந்தவை. தாழியில் இருப்பவர்களுடைய மயானம் அது என்றார் அவர். இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது, கூடவே இருக்கலாம் என்றார்.

நான் திரும்பிக் கீழே பார்த்தேன். எரிமேடையின் தகரக் கூரை, புதைகுழி மேடுகள், வேம்பு, மதிலுக்கு அப்பால் சிலுவைகள், வாய்க்கால், பாலம், அதற்கப்பால் ஊரின் மாடிகளும் தண்ணீர்த் தொட்டியும். மேட்டில் கிடப்பவர்கள் நின்று பார்த்த ஊர் எங்கே இருந்திருக்கும்? அவர்களும் இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு இதே சரிவில் ஏறி வந்திருப்பார்கள். எந்தப் பேரூராட்சியும் எந்த ராஜாவும் இந்த இடத்தைத் தேர்ந்து கொடுக்கவில்லை. நாங்கள் தீர்மானம் போட்டு, மயானத்தைப் புதிதாக விரிவாக்கப் போவதாக நினைத்துக்கொண்டு, மயானத்துக்குள்ளேயே தோண்டியிருக்கிறோம்.

தோண்டுவதற்கு முன்னால் தலைமை எழுத்தர் ஒரு கேள்வி கேட்டார். அது பேரூராட்சியின் மயானம். புதைத்தவர்களை வெளியே எடுக்க நம் உத்தரவு வேண்டுமே என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. தலைவரும் ஆமாம் என்றார். தொல்லியல் சட்டப்படி அதெல்லாம் தேவையில்லை என்று அலுவலர் சொன்ன பிறகும் நான் உத்தரவு எழுதினேன். பெயர், தெரியவில்லை. இறந்த நாள், தெரியவில்லை. உறவினர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தெரியவில்லை என்று எழுத மனம் வரவில்லை. அதைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நிழல்வலை கட்டி, மூங்கில் குச்சியும் தூரிகையும் வைத்து அவர்கள் வேலை செய்தார்கள். வேம்புப் பெண் தோட்டத்துக்குப் போகிற வழியில் தினமும் வந்துவிட்டுப் போனாள். இப்போது அவள் ஒளிந்து வரவில்லை. அவளைப் பார்த்து வேறு பெண்களும் வந்தார்கள். அதற்கு முன் அந்தப் பாலத்தைத் தாண்டியே இராத பெண்கள்.

சின்னத் தாழியைத் திறந்த அன்று அவள் இருந்தாள். அதற்குள் எலும்பு என்று சொல்ல அதிகம் இல்லை. மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. அலுவலர் சலித்த மண்ணிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். அரிசி போலச் சில துணுக்குகள். பால் பல் என்றார். எல்லாம் கரைந்தாலும் பல் நிற்குமாம். நான் அதைத் தொடவில்லை. அத்தனை நூற்றாண்டு வெயிலும் மழையும் மேலே போய்க்கொண்டிருக்க, அந்த நாலைந்து பற்கள் இருட்டில் இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. என் காலுக்குக் கீழே நிலம் மிக ஆழமாகிக்கொண்டே போவது போல இருந்தது.

தாழியின் அடியில் உள்ளங்கை அளவு கிண்ணம் ஒன்று கிடந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. குழந்தைக்கு எதையோ ஊற்றி வைத்திருக்க வேண்டும் என்றார் அலுவலர்.

அந்தப் பெண் அதையே பார்த்தாள். "நானும் பால் குடுக்குற சங்க எம்புள்ளையோட குடுத்துவிட்டேன்," என்றாள். அழவில்லை. தன்னைப் போல ஒருத்தியைச் சந்தித்துவிட்டவள் போல முகம் தெளிந்திருந்தது. பிறகு பக்கத்தில் இருந்த பெரிய தாழியைக் காட்டி, அது அதனுடைய ஆத்தாளா என்று கேட்டாள். இருக்கலாம், சோதனை செய்தால்தான் தெரியும், தெரியாமலும் போகலாம் என்று அலுவலர் உள்ளதைச் சொன்னார்.

"தெரியாட்டி போகுது சார். எங்க கொண்டு போனாலும் ரெண்டையும் பிரிச்சு வச்சிராதீக."

அவர் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிரிக்க மாட்டேன் அம்மா என்றார்.

வேலை முடிய மாதங்கள் ஆயின. கல்வட்டங்கள் உள்ள பகுதியைத் துறை எடுத்துக்கொண்டு வேலி போட்டது. மேட்டின் தெற்குப் பகுதியில் எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்து எங்களிடம் திருப்பித் தந்தார்கள். அதே கோம்பை ஓட்டுநர்தான் வந்து சமப்படுத்தினார். இந்த முறை வாளியை ஒவ்வொரு தடவையும் மெல்ல இறக்கினார். எதிர்பார்த்ததைவிடக் குறைவான இடம்தான். ஆனாலும் ஊருக்கு வெகுகாலம் போதும். கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் விவசாயியை இங்கே மாற்றிக்கொள்ள விருப்பமா என்று மகன்களைக் கேட்டோம். அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

அந்த ஆண்டு பேரூராட்சி மன்றத்தில் தலைவரே ஒரு பொருளைக் கொண்டுவந்தார். சமாதி கட்டக் கூடாது என்ற விதி இருக்கட்டும். ஆனால் வேம்புப் பகுதியில் குழந்தைகளுக்கு மட்டும், தரையோடு படியும்படி சின்னக் கல் ஒன்று பதித்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்றார். ஒரு உறுப்பினர், எல்லாரும் கல் வைத்தால் நாளைக்கு இடம் போதுமா என்று கேட்டார். வெறும் கல்தானே, அதற்குப் பக்கத்திலும் புதைக்கலாம் என்று தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. வேம்புப் பெண் முல்லையாற்றிலிருந்து வழுவழுப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்து பதித்தாள். அவளுக்குப் பிறகு பலர் பதித்தார்கள். சிலருக்கு இடம் தெரியவில்லை. பத்து இருபது வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகள். அவர்கள் உத்தேசமாக ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வெகுநாள் கழித்துத் தொல்லியல் அலுவலர் போன் செய்தார். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. பெரிய தாழியும் சின்னத் தாழியும் காப்பகத்தில் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். யாரிடமாவது சொல்லியனுப்பியிருக்கலாம். எனக்கு நேரில் போக வேண்டும் போல இருந்தது.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே கையை உயர்த்தியபடி வரிசையாகப் பெண்கள் நின்று கொடியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தரியோடு என்னிடம் வந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"சரிங்க மேடம். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாக," என்றாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டு, செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தன் வரிசைக்குத் திரும்பிப் போனாள். இலையெல்லாம் உதிர்த்த பந்தலுக்கு மேலே மேற்கு மலை முழுதாகத் தெரிந்தது.